கீழே விழுந்த பிறகு



சில கடிதங்களுக்கு நாலு வரியில் பதில் எழுதிவிடலாம் என்று தோன்றும். எழுத உட்கார்ந்தால் மேசையில் புத்தகங்கள் குவிந்து, தேநீர் ஆறிப்போய், நாலு வரி நாலு பக்கமாகிவிடும். சென்ற மாதம் வந்த ஒரு கடிதம் அந்த வகை. எழுதியவர் ஓர் அம்மா. மகள் கல்லூரிக்காக முதன்முறையாக வெளியூர் விடுதிக்குப் போகிறாள். போவதற்குள் தற்காப்புக்கு ஏதாவது கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் கவலை. "அவள் அப்பா கராத்தேதான் என்கிறார். எங்கள் தெருக்கோடியில் புதிதாக ஜூஜிட்ஸூ வகுப்பு ஒன்று திறந்திருக்கிறார்கள். எட்டிப் பார்த்தேன். ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உருள்கிறார்கள். இதில் தற்காப்பு எங்கே இருக்கிறது?"

எட்டிப் பார்க்கும் எல்லோருக்கும் வருகிற சந்தேகம்தான். அவருக்கான பதில் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இந்த மாதம் இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கராத்தேயைக் குறைத்துப் பேசும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் குத்தவும் உதைக்கவும் இடைவெளி வேண்டும், ஒரு கை நீளமாவது. சிலம்பத்துக்கு இன்னும் அதிகம். ஒரு பெண்ணிடம் வம்புக்கு வருகிறவன் எதிரே நின்று வணக்கம் வைத்துவிட்டுத் தொடங்குவதில்லை. மணிக்கட்டைப் பிடிக்கிறான், முடியைப் பிடிக்கிறான், சுவரோடு சேர்த்து அழுத்துகிறான், கீழே தள்ளி மேலே ஏறுகிறான். இடைவெளி பறிபோன பிறகு என்ன செய்வது என்பதில்தான் ஜூஜிட்ஸூவின் பாடமே தொடங்குகிறது. அந்த அம்மா பார்த்து முகம் சுளித்த நெருக்கம்தான் அங்கே பாடப்புத்தகம். தன்னைவிட இருபது கிலோ கூடுதலான ஒருவர் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கும்போது மூச்சை எப்படி விடுவது, பதறாமல் எப்படி யோசிப்பது என்பதை நம் பெண் முதன்முதலாக ஒரு வகுப்பில், நல்ல மனிதர்கள் நடுவில் தெரிந்துகொள்வதே மேல்.

சண்டைகளில் 90 சதவீதம் தரையில்தான் முடிகிறது என்று சில வகுப்புகளில் ஒரு கணக்குச் சொல்வார்கள். அதை நம்பிச் சேர வேண்டாம். லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸார் ஆட்களைக் கைது செய்த சம்பவங்களிலிருந்து எடுத்து, ஊதிப் பெருக்கிய கணக்கு அது. தரைக்குப் போனால் எழத் தெரிந்திருக்க வேண்டும்; காரணம் அவ்வளவு போதும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியப் போர்வீரர்களிடம் பிறந்த கலை இது. கையில் ஆயுதம் இல்லை, எதிரி கவசம் போட்டிருக்கிறான் என்றால் குத்தினால் நம் கைதான் உடையும். அதனால் பிடிப்பது, சாய்ப்பது, மூட்டை மடக்குவது என்று வளர்ந்தது. உயரம் குறைவான, படிப்பாளியான ஜிகோரோ கானோ 1882-ல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் 12 பாய்களை விரித்து, பழைய ஜூஜிட்ஸூ முறைகளைச் சீர்படுத்தி, ஜூடோ என்ற பெயரில் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அவர் பள்ளியில் பயின்ற மிட்சுயோ மேடா பிரேசிலுக்குப் போனார். அங்கே அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேஸியும், தம்பி ஹீலியோவும் தரையில் நடக்கும் பகுதியை மட்டும் பல பத்தாண்டுகள் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். இன்று நம் ஊர்களில் திறக்கப்படும் வகுப்புகளில் பெரும்பாலானவை இந்த பிரேசிலிய வழி. 1993-ல் அமெரிக்காவின் டென்வரில், பல சண்டைக் கலையினர் மோதிக்கொண்ட முதல் யூஎஃப்சி போட்டியில் ஹீலியோவின் ஒல்லியான மகன் ராய்ஸ் ஒரே இரவில் மூன்று பேரை மடக்கிய பிறகுதான் உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது.

ஆண்கள் கதை அது. எனக்குப் பிடித்தது லண்டன் கதை.

ஈடித் காரட் என்றொரு பெண்மணி. உயரம் 4 அடி 11 அங்குலம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லண்டன் சோஹோ பகுதியில் பள்ளி நடத்திய சடகாஸு உயெனிஷியிடம் கணவரோடு சேர்ந்து ஜூஜிட்ஸூ கற்றார். 1908-ல் ஆசிரியர் நாடு திரும்பியபோது பள்ளி இவர்கள் கைக்கு வந்தது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஈடித் வகுப்பெடுத்தார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம். 1910 நவம்பர் 18 அன்று நாடாளுமன்றத்தை நோக்கிச் சென்ற சுமார் 300 பெண்களைப் போலீஸாரும் கூட்டத்தில் இருந்த ஆண்களும் மணிக்கணக்கில் அடித்தார்கள்; பலரிடம் அத்துமீறினார்கள். பஞ்சாப் மன்னர் துலீப் சிங்கின் மகள் சோஃபியாவும் அன்று அந்த ஊர்வலத்தில் இருந்தார். கருப்பு வெள்ளி என்று அந்த நாளுக்குப் பெயர் வந்தது.

1913-ல் அரசு ஒரு தந்திரமான சட்டம் கொண்டுவந்தது. சிறையில் உண்ணாவிரதம் இருந்து உடல் மோசமானால் விடுதலை, வீட்டுக்குப் போய்ச் சற்றுத் தேறியதும் மறுபடி கைது. எலியை விட்டுப் பிடிக்கும் பூனையின் பெயரையே மக்கள் அந்தச் சட்டத்துக்கு வைத்தார்கள். இயக்கத் தலைவி எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் திரும்பத் திரும்பக் கைதாகாமல் காக்க சுமார் முப்பது பெண்கள் கொண்ட மெய்க்காவல் படை ஒன்று உருவானது. பயிற்சியாளர் ஈடித். ரகசிய இடங்களில் பயிற்சி. விலா எலும்பைக் காக்க ஆடைக்குள் அட்டை வைத்துக் கட்டிக்கொண்டார்கள். பாவாடை மடிப்புக்குள் ஒளித்து எடுத்துப் போன ஆயுதம் என்ன தெரியுமா? நம் ஊர் கர்லாக்கட்டை. இந்தியாவில் பார்த்த வெள்ளைக்காரர்கள் உடற்பயிற்சிக்கென்று கொண்டுபோய் இங்கிலாந்தில் பரப்பியது, அவர்கள் போலீஸுக்கு எதிராகவே திரும்பியது.

இந்தப் படையின் இரண்டு நாள்களை மட்டும் சொல்கிறேன், காரணத்தோடு. 1914 பிப்ரவரியில் லண்டனில் ஒரு வீட்டைப் போலீஸ் சூழ்ந்திருக்க, மாடியிலிருந்து பேசிய எம்மலின் இதோ கீழே வருகிறேன் என்றார். முகத்திரை போட்ட பெண்மணி ஒருவர் படை சூழ வெளியே வந்தார். பெரிய கைகலப்பு. போலீஸ் அவரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தால் வேறு யாரோ. எம்மலின் அதற்குள் நழுவிவிட்டார். அடுத்த மாதம் 9-ம் தேதி கிளாஸ்கோ நகர அரங்கு ஒன்றில் மேடையின் பூத்தோரணத்துக்குள் முள்கம்பி மறைத்து வைத்துக் காத்திருந்தார்கள். ஏராளமான போலீஸார் தடியோடு மேடையில் ஏறினார்கள். பெண்கள் விடாமல் போராடினார்கள். ஆனாலும் எம்மலின் கைதானார்.

முதல் நாளில் அவர்கள் யாரையும் தோற்கடிக்கவில்லை, தப்பிக்க வைத்தார்கள். இரண்டாம் நாளில் துணிச்சலுக்கோ பயிற்சிக்கோ குறைவில்லை, ஆனால் எதிரில் ஆளும் அதிகம், ஆயுதமும் இருந்தது. ஒரு வகுப்பில் "நாலு பேர் வந்தாலும் சமாளிக்கலாம், கத்தியோடு வந்தாலும் பிடுங்கலாம்" என்று மாஸ்டர் சொன்னால் இந்தக் கிளாஸ்கோவை நினைத்துக்கொண்டு வேறு வகுப்பு தேடுங்கள். கத்தி என்றால் பையைக் கொடுத்துவிட்டு ஓட வேண்டும். கூட்டம் என்றால் வெளிச்சத்தையும் மனிதர்களையும் நோக்கி ஓட வேண்டும். 

நம் நாட்டிலும் இதற்கு ஒரு தொடக்கம் உண்டு. ரவீந்திரநாத் தாகூர் 1929-ல் ஷின்ஸோ தாகாகாகி என்ற ஜப்பானிய ஜூடோ ஆசிரியரை சாந்திநிகேதனுக்கு வரவழைத்தார். பையன்களோடு பெண்களும் பயின்றார்கள். பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென்னின் தாயார் அமிதா அங்கே ஜூடோ கற்றவர். நூறு ஆண்டுகளை நெருங்குகிறது. இன்னமும் நாம் ஒரு பெண் பாயில் புரள்வதை எட்டிப் பார்த்து முகம் சுளிக்கிறோம்.

சரி, என்னதான் கற்றுத் தருகிறார்கள்?

முதல் வாரம் முழுக்க விழுவதுதான். பின்னால் விழும்போது மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் பின்மண்டை தரையில் மோதாது. கையைப் பின்னால் ஊன்றிவிடக் கூடாது. மணிக்கட்டு உடைவதெல்லாம் அப்படித்தான். முதுகை வளைத்து உருண்டு, முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை முழுக் கையாலும் தரையை அறைய வேண்டும். பெண்கள் பலருக்குத் தொடக்கத்தில் அறையக் கூச்சம், சத்தம் கேட்குமாம்! அந்தக் கூச்சம் போவதே பாதிப் பாடம் என்பேன்.

அடுத்தது கைப்பிடியிலிருந்து விடுபடுவது. எங்கள் அலுவலகத்தில் பக்கம் வடிவமைக்கும் பெண் வாரம் தவறாமல் ஜூஜிட்ஸூ வகுப்புக்குப் போகிறவர். அந்தக் கடிதத்தை அவரிடம் காட்டியதும், "மேடம், என் கையைக் கெட்டியா பிடிங்க" என்றார். பிடித்தேன். எப்படிப் போனது என்று தெரியவில்லை, கை போய்விட்டது. மறுபடி மெதுவாகச் செய்து காட்டினார். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடத்தில் ஒரு வாசல் இருக்கிறது. மணிக்கட்டின் மெல்லிய பக்கத்தை அந்த வாசலுக்கு நேராகத் திருப்பி, தன் முழங்கையைப் பிடித்தவரின் முழங்கையை நோக்கி மடக்கி, கூடவே உடம்பையும் ஓர் அடி நகர்த்த வேண்டும். பயந்தவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு: கையை மட்டும் பின்னால் இழுப்பது. அது தோள் பலத்துக்கும் தோள் பலத்துக்கும் நடக்கிற போட்டியாகிவிடும், அதில் பெரியவன்தான் ஜெயிப்பான்.

பிறகு அந்த அம்மா பார்த்த உருளல். எதிராளி வயிற்றின் மேல் இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்து கழுத்தில் கை வைக்கிறான் என்று வையுங்கள். பெண்கள் அதிகம் அஞ்சும் நிலை இதுதான். தள்ளிப் பார்த்தால் கைதான் சோர்ந்துபோகும். அவனுடைய ஒரு கையை நம் நெஞ்சோடு அணைத்துப் பூட்ட வேண்டும். அதே பக்கத்துக் காலை நம் பாதத்தால் வெளியிலிருந்து கொக்கி போட்டு நகரவிடாமல் செய்ய வேண்டும். இப்போது அவனுக்கு அந்தப் பக்கம் ஊன்ற எதுவும் இல்லை, ஒரு பக்கத்து இரண்டு கால்களும் கழன்ற நாற்காலி மாதிரி. இடுப்பை உயரத் தூக்கி அந்தப் பக்கத் தோள் மேலாக உருண்டால் அவன் கவிழ்வான். இடுப்பும் தொடையும்தான் உடம்பில் பெரிய தசைகள். பிள்ளை பெற்றவர்களுக்கும் தண்ணீர்க்குடம் தூக்கியவர்களுக்கும் அங்கே பலம் இருப்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தற்காப்புக்கு அதைப் பயன்படுத்தலாம் என்பதுதான் புதுச் செய்தி.

கவிழ்க்க முடியாவிட்டால் இறால் அசைவு. ஒருக்களித்துப் படுத்து, முன்கையை எதிராளியின் இடுப்பில் முட்டுக்கொடுத்து, ஒரு பாதத்தை ஊன்றி இடுப்பைப் பின்னுக்குத் தள்ளுவது. ஒரு சாண் இடம் கிடைக்கும். அதில் முழங்காலை நுழைக்க வேண்டும். இன்னொரு தடவை, இன்னொரு சாண். கால்கள் இரண்டும் நடுவில் வந்துவிட்டால் உதைத்துத் தள்ளலாம். வகுப்பு தொடங்கும்போதெல்லாம் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எல்லோரும் இறால் போடுவார்கள்; பார்க்கச் சிரிப்பாக இருக்கும். பல வருடம் பயின்ற பிளாக் பெல்ட்டும் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்.

கடைசியில் எழுவது. நாம் சாதாரணமாக எழும்போது குனிந்து இரண்டு கையையும் ஊன்றுகிறோம், முகமும் கழுத்தும் எதிராளிக்குத் திறந்து கிடக்கின்றன. இவர்கள் ஒரு கையைப் பின்னால் ஊன்றி, மறு கையால் முகத்தைக் காத்து, ஒரு காலை எதிராளிக்கும் தமக்கும் நடுவில் நீட்டி வைத்தபடி, இடுப்பைத் தூக்கி அந்தக் காலை உடம்புக்கு அடியில் உருவிக்கொண்டு எழுகிறார்கள். கண் எதிராளியை விட்டு விலகுவதில்லை. எழுந்ததும் ஓட்டம். சத்தம் போட்டுக்கொண்டே ஓட்டம்.

தொடக்கத்துக்கு இவ்வளவு போதும் என்பது என் கருத்து. கழுத்தை நெரிக்கும் பிடிகள், முழங்கையை முறிக்கும் பூட்டுகள் எல்லாம் சினிமாவில் நன்றாக இருக்கும். கழுத்தின் இருபுறமும் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களை அழுத்தினால் பத்து விநாடிக்குள்ளேயே நினைவு தப்பிவிடலாம். அதை வீட்டில் தம்பி மேல் செய்து பார்க்கிற விஷயமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மாஸ்டர் எதிரில், பல மாதம் கழித்து.

இந்த அசைவுகளைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, யூடியூபில் பார்த்தும் வராது. எதிர்க்கும் ஆள் வேண்டும். ஜூஜிட்ஸூவில் எனக்கு மிகவும் மதிப்பு வந்தது இங்கேதான். குத்தை முழு வேகத்தில் பழக முடியாது, மூக்கு உடையும். பிடியை ஏறக்குறைய முழு பலத்தோடு பழகலாம், ஏனென்றால் தட்டுகிற வழக்கம் இருக்கிறது. வலித்தாலோ மூச்சு முட்டினாலோ எதிராளியின் உடம்பில் இரண்டு தட்டு. அந்த நொடியே விட்டுவிட வேண்டும். விடாதவருக்கு அடுத்த நாள் ஜோடி கிடைக்காது. இதனால் ஒரு மாணவி எது தனக்கு வருகிறது, எது வரவில்லை என்பதைப் பொய்யில்லாமல் தெரிந்துகொள்கிறாள். இரண்டு நாள் பயிலரங்கு நடத்தி, வரிசையாக நிற்கவைத்துக் காற்றில் குத்தச் சொல்லி, சான்றிதழும் குழுப் புகைப்படமும் கொடுத்து அனுப்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இருப்பது இதனால்தான். கையில் திறமை இல்லாமல் மனதில் தைரியத்தை மட்டும் ஏற்றி அனுப்புவது ஆபத்து.

இனி, அந்த அம்மா கேட்காத ஒன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்வது: பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குற்றம் சாட்டப்படுபவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். உறவுக்காரர், அக்கம்பக்கத்தவர், நண்பர் என்று பழகியவர், வேலை கொடுத்தவர். இருட்டுச் சந்தில் வரும் முகமூடி மனிதனை மனதில் வைத்தே நாம் பெண்களைத் தயார் செய்கிறோம். கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களின் முதலாண்டு மாணவிகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2015-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. 12 மணி நேரப் பயிற்சி பெற்றவர்களில் ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் 5.2 சதவீதம், துண்டுப் பிரசுரம் மட்டும் பெற்றவர்களில் 9.8. அது ஜூஜிட்ஸூ வகுப்பு அல்ல. அந்த 12 மணி நேரத்தில் உடல் தற்காப்பு ஒரு பகுதிதான். தெரிந்த மனிதரிடம் ஆபத்தின் அறிகுறியைக் கண்டுகொள்வது, அவர் மனம் புண்படுமே என்ற தயக்கத்தைத் தாண்டி மறுப்பது, தன் விருப்பம் என்ன என்பதைத் தானே தெளிவாகத் தெரிந்துகொள்வது ஆகியவைதான் மற்றவை.

இதை நம் வீடுகளுக்குப் பொருத்திப் பாருங்கள். கல்யாண வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு விடாத மாமாவை ஒரு பெண் முகத்தில் குத்த முடியுமா? குத்தினால் ஊரே அவளைத்தான் திட்டும். ஆனால் மணிக்கட்டைத் திருப்பி விடுவித்துக்கொண்டு, ஓர் அடி தள்ளி நின்று, "தொடாதீங்க" என்று நாலு பேர் கேட்கச் சொல்ல முடியும். அடிக்காமலே விலக்கும் வழி ஜூஜிட்ஸூவில் இருக்கிறது. நிலைமை முற்றினால் பிடியை இறுக்கவும் இடம் இருக்கிறது.

சட்டம் எந்தப் பக்கம் என்று சிலருக்குக் கவலை. பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்புரிமைப் பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கின்றன. தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டாதவரை அது குற்றமில்லை. வன்புணர்வு, கடத்தல், ஆசிட் வீச்சு நோக்கத்தோடு தாக்குபவனை எதிர்க்கையில் அவன் உயிரே போனாலும் சட்டம் அந்த உரிமையை ஏற்கிறது. ஓடுகிறவனைத் துரத்திப் போய் அடித்தால் அது தற்காப்பு ஆகாது.

கடிதம் எழுதிய அம்மாவுக்கு: மகளை அந்தத் தெருக்கோடி வகுப்புக்கே அனுப்புங்கள், ஆனால் முதலில் நீங்கள் ஒரு நாள் முழு வகுப்பையும் உட்கார்ந்து பாருங்கள். புது மாணவியைப் பழையவர்கள் மென்மையாக நடத்துகிறார்களா, தட்டினதும் விடுகிறார்களா, வேறு பெண்கள் இருக்கிறார்களா, வேண்டாத ஜோடியை மறுத்தால் மாஸ்டர் ஏற்கிறாரா என்று கவனியுங்கள். பார்க்கவே விடமாட்டோம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பாய்களைத் தினமும் துடைக்கிறார்களா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம், படர்தாமரை இந்தக் கலையின் தீராத் தொல்லை. நகம் வெட்டி, கம்மல், வளையல், சங்கிலியைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். நடுநடுவே சுடிதார் போட்டுப் பயிலட்டும். பயிற்சி உடையின் காலரைப் பிடித்து நெரிக்கும் பிடிகள் இருக்கின்றன, துப்பட்டா அதைவிட வசதியான பிடிமானம் என்பதை அவள் பாயில் வைத்தே தெரிந்துகொள்ளட்டும். கல்லூரி போகும் ஊரிலும் ஒரு வகுப்பு தேடிக்கொள்ளச் சொல்லுங்கள்.

"எங்களுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, முட்டி வலி வேறு" என்று எழுதும் வாசகிகளும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு உருளல் வேண்டாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, விழும் பயிற்சியை மட்டும் மெத்தையான தரையில், உட்கார்ந்த நிலையிலிருந்து கற்றுத்தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நெதர்லாந்தில் முதியவர்களுக்கென்றே விழக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகள் நடக்கின்றன. குளியலறை வழுக்கலை மனதில் வைத்தால் நம் வயதில் அதைவிடப் பயனுள்ள தற்காப்பு எனக்குத் தெரியவில்லை.

உங்கள் ஊரில் பெண் பயிற்சியாளர் நடத்தும் ஜூஜிட்ஸூ அல்லது ஜூடோ வகுப்பு இருந்தால், நீங்களோ உங்கள் வீட்டுப் பெண்ணோ அங்கே பயின்றிருந்தால், எப்படி இருந்தது என்று எழுதுங்கள். கட்டணம், நேரம், பேருந்து நிறுத்தத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வருகிற இதழ்களில் ஊர்வாரியாக வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்